சிப்பம் கட்டும் நிரல்



கித்தாத் தோட்டத்தில் உழைத்த நம் பெரியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பால் வெட்டி எடுத்ததோடு வேலை முடிவதில்லை. அதை உறையவைத்து, உலர்த்தி, சிப்பமாகக் கட்டித் தரக்குறி இட்டால்தான் அது கடல் கடந்து விலைபோகும். 1965-இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்தபிறகு, உள்ளிருக்கும் சரக்கு எத்தகையது என்பதைக் கட்டியின் மேலுள்ள குறியே சொல்லிற்று. இன்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனைதான் மிகுதி. ஆயினும் சிப்பம் கட்டும் வேலை வேறொரு துறையில் நடந்துகொண்டிருக்கிறது. கணினி நிரல்களைக் கட்டும் வேலைதான் அது.

பெஸ்தாரி ஜெயாவில் ஒரு மாணவன் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கணினியில் நன்றாக ஓடுகிறது. ரவாங்கிலுள்ள மாமன் மகனின் லினக்ஸ் கணினிக்கு அனுப்பினால், எழுத்துகளுக்குப் பதிலாக வெறுங்கட்டங்கள் தெரிகின்றன. நிரலில் பிழையில்லை. அங்கே தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். இன்ன இன்ன பொருள் உடனிருக்க வேண்டும் என்று சிப்பத்தின் மேல் யாரும் எழுதவில்லை.

டெபியன் லினக்சில் இதற்கு ஒழுங்கான ஏற்பாடு உண்டு. சிப்பத்துக்குள் இரண்டு பகுதிகள் இருக்கும்: ஒன்று சரக்கு, மற்றொன்று விவரச்சீட்டு. சீட்டில் பெயர், பதிப்பெண், பொறுப்பாளர், தேவைப்படும் பிற சிப்பங்கள் யாவும் இருக்கும். அதில் 'லோகித்' தமிழ் எழுத்துருவின் சிப்பப் பெயரை ஒரு வரி சேர்த்துவிட்டால், நிறுவும்போது கணினியே அதையும் தேடிக் கொண்டுவந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் கையால் சீட்டெழுதினால் ஏதேனும் விட்டுப்போகும். இத்தகைய வேலைகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் பழையது. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை எழுதினார். அவருடைய நண்பர் ஒருவர், திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டு, சரியாக இருந்த நிரலில் காலை முழுவதும் பிழை தேடினாராம்! அதுதான் காரணம். எது மாறியதோ அதை மட்டும் மீண்டும் தொகுப்பது 'மேக்'கின் வழி.

அவ்வழியில் பின்னர் வந்த ஒன்று 'கிரேடில்'. அதற்கு நாமே நீட்சி எழுதலாம். நீட்சி என்பது ஜாவாவிலோ கோட்லினிலோ எழுதும் சிறு வகுப்பு. 'சிப்பம் கட்டு' என்றொரு புதிய பணியை அது கிரேடிலுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பணியின் உள்ளீடுகளும் வெளியீடும் எவையென்று நாம் அறிவிக்கவேண்டும். உள்ளீட்டில் மாற்றமில்லையானால் கிரேடில் அப்பணியைத் தாண்டிச் சென்றுவிடும். இந்த அறிவிப்பில்தான் கவனம் தேவை. எழுத்துருக் கோப்பை உள்ளீடாகக் குறிக்காவிட்டால், அதை மாற்றிய பிறகும் பழைய சிப்பமே கிடைக்கும். நெட்டுருப் போட்டவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தார் இத்தகைய நீட்சி ஒன்றை எழுதி, யாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் அதைப் படித்துப் பார்க்கலாம். பிறகு சொந்தமாக ஒன்று எழுதி, தமிழ் எழுத்துரு இல்லாத ஒரு கணினியில் சிப்பத்தை நிறுவிப் பார்க்கட்டும். அங்கே 'அ' என்ற எழுத்து தெரிந்தால் சீட்டு சரியாக எழுதப்பட்டிருக்கிறது.