யாழில் அடங்காத பண்

மங்களூர் என்றதும் கர்நாடகத்துக் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். நான் சொல்வது கடலூர் மாவட்டத்து மங்களூர். திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் என்று விரியும் வட்டாரம். விருத்தாசலம் இன்றைக்குப் பீங்கானுக்குப் பேர்போனது. ஆனால் இசை என்று வந்தால், ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கிற இராசேந்திரப்பட்டினத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தேவாரத்தில் அதற்குப் பெயர் எருக்கத்தம்புலியூர். திருஞானசம்பந்தரின் பாட்டுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர்.

யாழ்ப்பாணர் கேட்டுக்கொண்டதால்தான் சம்பந்தர் சிதம்பரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தார் என்கிறது பெரியபுராணம். எருக்கத்தம்புலியூர், முதுகுன்றமாகிய விருத்தாசலம், பெண்ணாடம், வெள்ளாற்றங்கரைத் திருவட்டத்துறை என்று போகிறது அந்தப் பயணம். இன்று நாம் பஸ் ஏறிப் போகிற அதே தடம்தான்.

இந்த இருவருக்கும் நடுவே ஒரு சங்கடம் வந்தது காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில். யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். உறவினர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ‘உங்கள் யாழால்தான் அந்தப் பிள்ளையின் பாட்டுக்கு இவ்வளவு புகழ்’ என்று பேசிவிட்டார்கள். யாழ்ப்பாணர் துடித்துப்போனார். ‘யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும்’ என்று சம்பந்தரிடம் அவரே கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழ் நின்றுபோனது. யாழை உடைக்கப் போனவரின் கையைச் சம்பந்தர் பிடித்துக்கொண்டார். அந்தப் பதிகத்தின் பண்ணுக்கு யாழ்முரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஓதுவார்கள் அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

அடாணா உங்களுக்குப் புதிதல்ல. தியாகராஜரின் ‘ஏல நீ தயராது’ அடாணா. ‘சலங்கை ஒலி’ படத்தில் ‘பால கனகமய’ என்று கேட்டோமே, அது அந்தக் கீர்த்தனைதான்.

அடாணாவின் ஆரோகணம் ச ரி ம ப நி ச. ஏறும்போது காந்தாரமும் இல்லை, தைவதமும் இல்லை. இறங்கும்போது ச நி த ப ம ப க ரி ச. கவனியுங்கள்: மத்திமத்துக்கு வந்தபின் நேரே காந்தாரத்துக்கு இறங்கக் கூடாது. திரும்பவும் பஞ்சமத்துக்கு ஏறி, அங்கிருந்துதான் காந்தாரத்தைப் பிடிக்க வேண்டும். வாய்விட்டு ஒரு தடவை ம-ப-க-ரி என்று பாடிப் பாருங்கள், அந்தத் திருப்பம் பிடிபடும். சங்கராபரணத்தின் சேய் ராகம் என்று இலக்கணத்தில் எழுதியிருக்கும். பாடுகிறவர்களோ நடுவே கைசிகி நிஷாதத்தையும் சாதாரண காந்தாரத்தையும் தொட்டுவிட்டு வருவார்கள். காகிதத்தில் உள்ள ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடாணா பாட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

யாழுக்கு வருவோம். வீணையில் மெட்டு உண்டு. விரலால் தந்தியை மெட்டின்மேல் இழுத்தால் சுரம் வளைந்து மேலே போகும். யாழில் மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று சிலப்பதிகார உரை சொல்கிறது. நரம்பு எத்தனை இருந்தாலும், பண்ணுக்கு ஏற்பச் சுருதி கூட்டிய பிறகு, இரண்டு நரம்புக்கு இடையில் இருக்கும் சுரத்துக்கு எங்கே போவது? தருமபுரத்தில் நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு. தொண்டை வளைகிற இடமெல்லாம் யாழ் வளையாது. மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் இந்தக் கருவியைத் தேடியே பல ஆண்டு உழைத்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தபோது, யாழ் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

வழக்கொழிந்தது எப்போது? தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரை நியமித்தான். உடன் உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். அந்த 50 பேரில் யாழ்க்காரர் கிடையாது.

அதே காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை ஒன்று திருமுறைகண்ட புராணத்தில் வருகிறது. தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்துவிட்டன, பண் எதுவென்று சொல்ல ஆளில்லை. திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியும் அரசனும் தேடி வந்து நின்றது எருக்கத்தம்புலியூரில். யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பதிகங்களுக்குப் பண் வகுத்துக் கொடுத்தாராம். மன்னனின் பெயர் இருக்கிறது, நம்பியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சம்பந்தர் பாடியது இன்றைய அடாணாதானா? சத்தியம் செய்ய யாராலும் முடியாது. சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டம் நடத்தி, எந்தப் பண் எந்த ராகம் என்று விவாதித்து வருகிறது. நான் ஓதுவார்கள் பக்கம். ஏட்டில் இருப்பது பண்ணின் பெயர். பாட்டு இருப்பது அவர்கள் தொண்டையில். சம்பந்தருக்கும் யாழ்ப்பாணருக்கும் குருபூசை நாள் ஒன்றே, வைகாசி மூலம். அன்றைக்குப் பக்கத்துச் சிவன் கோயிலில் ஓதுவார் இருந்தால், யாழ்முரி பாடச் சொல்லிக் கேளுங்கள்.