பகை இருந்தாலும் நீதி கேட்போம்!

(கும்மிடிப்பூண்டியில் ஆற்றிய உரை)



இந்த ஊரிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் உங்களுக்குத் தெரியும். அங்குள்ளவர்கள் நம் கடைகளில் சாமான் வாங்குகிறார்கள். சிப்காட்டில் நம் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறார்கள். முள்ளிவாய்க்கால் படுகொலைக்கு நீதி கேட்டு மனு கொடுப்போம் என்று சென்ற ஜும்ஆவில் சொன்னேன். தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் வந்து, "ஹஸ்ரத், காத்தான்குடியை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

மறக்கவில்லை தம்பி! மறக்கவும் கூடாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று, இஷா தொழுகையில் நின்றவர்களைப் பள்ளிவாசலுக்குள்ளேயே புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு! வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு, கட்டிய துணியோடு கடையை விட்டு இறங்குவது என்றால் என்ன என்று வியாபாரிகளான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வெளியேற்றம் தவறு என்று 2002-இல் கிளிநொச்சியில் அன்டன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு சரி!

ஆனால் 2009-இல், அரசே 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த இடத்தில் ஷெல் விழுந்து செத்த குழந்தை, காத்தான்குடியில் துப்பாக்கி பிடித்ததா? 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. ராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று 2017 முதல் தாய்மார்கள் படங்களோடு தெருவில் உட்கார்ந்தார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை அநீதியின் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆவது வசனம் தரும் கட்டளை. பகையே இல்லாதபோது நீதி பேசுவது யாருக்கும் எளிது!

இன்னொன்றையும் கேளுங்கள். 2020-இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை இலங்கை அரசு எரித்தது. பிறந்து இருபதே நாளான பச்சிளம் குழந்தையையும் விடவில்லை. 2021 பிப்ரவரியில் தமிழர்கள் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நீதி கேட்டுப் பேரணி நடத்தினார்கள். நம் ஜனாஸாக்களை அடக்கம் செய்யும் உரிமையும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. முஸ்லிம்களும் கூட நடந்தார்கள்.

இங்கே 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் யாரை விட்டது? முஸ்லிம் அகதியை விட்டது. முகாமிலிருக்கும் ஈழத் தமிழரையும் விட்டது!

தம்பியின் கேள்விக்குப் பிறகு மனுவைத் திருத்தி எழுதினோம். முள்ளிவாய்க்காலுக்கு சர்வதேச விசாரணை. காத்தான்குடிக்கும் யாழ்ப்பாண வெளியேற்றத்துக்கும் அதே விசாரணை. இன்று மஃரிபுக்குப் பின் பள்ளி வாசலில் மேசை போடுகிறோம். முதல் கையெழுத்தை அந்தத் தம்பி போடட்டும்.