முதுமை ஆராய்ச்சியும் பல்துறைப் பயிற்சியும்
(ஆராய்ச்சி மாணவர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 38 லட்சம் பேர். முதுமை பற்றிய சொற்பொழிவுகள் பெரும்பாலும் இவ்வெண்ணில்தான் தொடங்குகின்றன. இவ்வெண்ணுக்கு அடிப்படையான ‘வயது’ என்பதைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

பிறந்த தேதி அறியாத மூதாட்டியிடம் வயதைக் கேட்டால், “அறுபது இருக்கும்” என்பார். இதனால் கணக்கெடுப்பு அட்டவணைகளில் 60, 65, 70 ஆகிய வயதுகளில் மக்கள் குவிந்தும், 59, 61 போன்றவற்றில் குறைந்தும் காணப்படுகின்றனர். மக்கள் தொகையியல் மாணவர் இக்குவிப்பை மையர்ஸ் குறியீட்டைக் கொண்டு அளப்பார். 1984இல் இந்திரா காந்தி மறைந்தபோது மூத்த பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டு, உண்மை வயதை நெருங்கும் முறையையும் அவர் அறிவார். தசை வலிமை வயதோடு குறைவதை ஆராயும் மருத்துவ மாணவரோ, சீட்டில் எழுதிய வயதையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார். தேசிய முதியோர் ஓய்வூதியத்தின் தகுதி வயது 2011இல் 65லிருந்து 60ஆகக் குறைக்கப்பட்டது. தகுதி வயது ஒன்று இருந்தால், அதை எட்டிவிட்டதாகக் கூறும் தூண்டுதலும் இருக்கும். இது பொருளாதார மாணவருக்குப் புரியும். ஆனால் அம்மூதாட்டியின் கை ஏன் தளர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது.

மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள் தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் மேற்கொண்ட நெடுங்கால முதுமை ஆய்வின் முதற்சுற்றில், 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000 பேருக்கும் அதிகமானோரிடம் விவரம் திரட்டப்பட்டது. ஒருவரின் கைப்பிடி வலிமை, இரத்த அழுத்தம், நினைவாற்றல், வருமானம், ஓய்வூதியம் யாவும் அதில் ஒருங்கே உள்ளன. அதனை முழுமையாகப் படிக்கவல்ல ஆராய்ச்சியாளர்கள்தாம் போதவில்லை. பொருளாதாரம் பயின்ற நானே கைப்பிடி வலிமை அட்டவணைகளைப் படிக்காமல் புரட்டிச் சென்றவன்தான்.

விதிகள் இதற்குத் தடையல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், வேறு துறையைச் சேர்ந்த இணை வழிகாட்டியை அனுமதிக்கின்றன. டாக்டர் பட்ட மாணவருக்குப் பாடப் பயிற்சியும் உண்டு. அப்பயிற்சியில் இரண்டு மாதங்களை, பொருளாதார மாணவர் முதியோர் மருத்துவப் பிரிவிலும், மருத்துவ மாணவர் கணக்கெடுப்பு அட்டவணைகளோடும் கழிக்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பு 1996இலேயே தொடங்கிவிட்டது. எனவே கற்பிக்க ஆளில்லை என்பதற்கில்லை.

உண்மையான இடர் பட்டம் பெற்ற பின்னரே வருகிறது. “இது பொருளாதாரமன்று” என்பார் ஒரு தேர்வாளர். “மருத்துவமன்று” என்பார் மற்றொருவர். வேலை விளம்பரமோ ஒரே பாடத்தின் பெயரைக் கேட்கிறது. அவ்விளம்பரங்களைத் தயாரிப்பவர்கள் என்னைப் போன்ற அதிகாரிகளே. ஐந்தாண்டு உழைத்தவரை ஒரு சொல்லுக்காகத் திருப்பி அனுப்புகிறோம். ‘அல்லது முதுமை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம்’ என்று தகுதி விதிகளில் ஒரு வரி சேர்க்க நிதி எதுவும் வேண்டியதில்லை. இங்குள்ள அதிகாரிகள் அடுத்த கோப்பிலேயே அதை எழுதலாம். அதுவரை, மாணவர்கள் தம் தாய்த்துறையிலேயே பதிவு செய்துகொண்டு, இணை வழிகாட்டியைப் பிற துறையிலிருந்து முதலாண்டிலேயே கேட்டுப் பெறுவது நன்று.