பாலையிலும் உயிர் உண்டு



பாலைவனம் என்றதும் நினைவுக்கு வருவது என்ன? மணல். வெயில். தாகம். அங்கே உயிர் ஏது என்று பலர் கேட்பார்கள். தார் பாலைவனம் அதற்குப் பதில் சொல்கிறது.

தார் சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு உள்ளது. பெரும்பகுதி ராஜஸ்தானில் இருக்கிறது. குஜராத், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களிலும், பாகிஸ்தானிலும் பரவியுள்ளது. எல்லா இடமும் மணல் அல்ல. கல்தரை உண்டு. உப்புப் பள்ளம் உண்டு. புல்வெளியும் உண்டு.

கோடையில் ‘லூ’ என்னும் அனல்காற்று வீசும். 2016 மே மாதம் பலோடி என்னும் ஊரில் வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. குளிர்கால இரவிலோ உடல் நடுங்கும். மணல் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும்.

மழை ஏன் குறைவு? ஆரவல்லி மலை, கடல் காற்று போகும் திசையிலேயே நீண்டு கிடக்கிறது. அதனால் மேகத்தைத் தடுப்பதில்லை. பாலையின் மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை.

அந்த மழையை மக்கள் வீணாக்குவதில்லை. வீட்டருகே மண்ணுக்கடியில் தொட்டி கட்டுகிறார்கள். அதன் பெயர் ‘டாங்கா’. சுற்றியுள்ள தரையைச் சரிவாக்கி இறுக்குகிறார்கள். மழைநீர் ஓடிவந்து தொட்டியில் சேரும். 100 சதுர மீட்டர் தரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர்! அதில் பாதி சேர்ந்தாலும் குடிக்க உதவும்.

பாலையின் கற்பகத்தரு வன்னி மரம். நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் அதே வன்னிதான். வேர் மிக ஆழம் போகும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. காய் மனிதருக்குக் கறி. மர நிழலில் கம்பு நன்றாக விளையும்.

இந்த மரத்துக்காக மக்கள் உயிரையே கொடுத்தார்கள். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்துக்கு அரசனின் ஆட்கள் மரம் வெட்ட வந்தார்கள். பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ருதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரை வெட்டினார்கள். ஊராரும் அப்படியே செய்தார்கள். மொத்தம் 363 பேர் மாண்டார்கள். பிறகுதான் அரசன் வெட்டுவதை நிறுத்தினான்.

சிங்காரா மான், பாலைவன நரி, கானமயில் ஆகியவையும் இங்கே வாழ்கின்றன. கானமயில் சுமார் 15 கிலோ வரை எடை உள்ள பெரிய பறவை. தரையில் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். இன்று எஞ்சியவை 150 அளவில்தான். பறக்கும்போது எதிரே உள்ள மின்கம்பி அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மோதி இறக்கிறது.

தாரில் வெயிலும் காற்றும் மின்சாரம் தருகின்றன. அது நாட்டுக்குத் தேவை. ஆனால் அதற்காக வன்னி மரங்கள் வெட்டப்பட்டன. 2024-ல் பீகானேர் மாவட்ட மக்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள்.

மின்சாரமும் வேண்டும், மரமும் பறவையும் வேண்டும். வழி இருக்கிறது. கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகலாம். பறவைக்குத் தெரியும்படி கம்பியில் வட்டுகளைத் தொங்கவிடலாம். மரம் இல்லாத இடம் பார்த்து நிலையம் அமைக்கலாம்.

பாலை வெறும் நிலம் அல்ல. சொட்டு நீரையும் ஒற்றை மரத்தையும் காத்தவர்களால் அங்கே உயிர் நிலைத்தது. இனியும் அப்படித்தான் நிலைக்கும்.