தென்னையின் ஆயுளும் புயலின் கணக்கும்



2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், கரையோடு அடங்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்து ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், கறம்பக்குடி எனத் தென்னையையும் பலாவையும் வாழையையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். மரம் எங்கே போகும்?

நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். நிலைத்துவிட்டால் அறுபது வருடம் பலன் தரும். இன்று கன்று வைப்பவருக்கு அடுத்த வாரத்து வானிலை மட்டும் போதாது. அடுத்த நாற்பது வருடத்துக் கடல் எப்படி இருக்கும் என்பதும் தெரியவேண்டும். காலநிலை மாதிரிகள் அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன.

புயல் பிறக்கக் கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். அந்தச் சூடு ஆழத்துக்கும் இறங்கியிருக்க வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருக்க வேண்டும். மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் அதிகம் முரண்படக் கூடாது. முரண்பட்டால் திரளும் மேகக்கூட்டம் கலைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடல் சூடாக இருந்தும் பெரும்புயல் அரிதாக இருப்பதற்கு இந்த முரண் முக்கியக் காரணம். அக்டோபர், நவம்பரில் அது தளர்கிறது.

காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுகின்றன. பல உலகளாவிய மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 100 கிலோமீட்டர். புயலின் கண் அதற்குள் காணாமல் போய்விடும். அதனால் ஆய்வாளர்கள் புயலை மட்டும் தேடாமல், அதைப் பிறப்பிக்கும் சூழல் எங்கே, எப்போது கூடிவருகிறது என்றும் கணக்கிடுகிறார்கள். அடுத்த கஜாவின் தேதியை எந்த மாதிரியாலும் சொல்ல முடியாது. அது குறையல்ல, மாதிரியின் வேலையே வேறு.

புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய மாதிரி, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைக்கான கணக்கீடுகளில் பங்கேற்றது. 2020இல் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீடு, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951 முதல் 2015 வரை சுமார் 1 டிகிரி சூடேறியதாகச் சொல்கிறது. வட இந்தியப் பெருங்கடலில் புயல்களின் மொத்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் 2000க்குப் பிறகு, தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் மிகக் கடும் புயல்கள் கூடியிருக்கின்றன. தோப்புக்காரரைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது செய்திதான் முக்கியம்.

இந்த மாதிரிகளின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியலும் கணிதமும் கணினியும் கற்றவர்களே, அவற்றை எடுத்துப் படியுங்கள். எந்த இடத்தில் தென்னை வைக்கலாம், எங்கே காற்றுத்தடுப்பு மரவரிசை வேண்டும் என்று வேளாண்மை படித்த நண்பர்களோடு உட்கார்ந்து ஆராயுங்கள். கிடைத்ததைக் கீரமங்கலத்து விவசாயிக்குப் புரியும் தமிழில் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.