புகை ஏறிய தேநீர் மணம்

நாற்றம் என்னும் சொல் முற்காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சொல்லுக்கு நேர்ந்த இந்த இறக்கம் மணத்துக்கும் நேர்வதுண்டு, ஏற்றமும் நேர்வதுண்டு. ஓரிடத்தில் குற்றம் என்று தள்ளப்படும் வாசனை மற்றோரிடத்தில் சுவை என்று போற்றப்படுகிறது. வேறோரிடத்தில் சிறு கண்ணாடிப் புட்டியில் அடைபட்டுப் பெருவிலை பெறுகிறது. அத்தகைய வாசனை ஒன்றைப் பற்றி இன்று எண்ணிப் பார்ப்போம். தேயிலையில் ஏறிய புகையின் வாசனையே அது. ஏலப்பாறை மலையில் தேயிலையோடும் புகையோடும் வாழ்கின்ற நமக்கு இதைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு.

புகையால் மணம் ஊட்டுவது புதுமை அன்று. அகிற் கட்டையைப் புகைத்து அப்புகையில் மகளிர் கூந்தலை உலர்த்திய வழக்கத்தைச் சங்க இலக்கியம் கூறுகிறது. குழந்தையை நீராட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உள்ளது. நறுமணப் பொருளைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் பெர்ஃப்யூம் என்னும் சொல்லும் புகையின் வழியே பிறந்ததுதான். இலத்தீனில் 'பெர்' என்றால் வழியாக. 'ஃபூமுஸ்' என்றால் புகை. அத்தருக்குப் பெயர்பெற்ற கன்னோஜ் நகரத்தில் சாம்பிராணியையும் கடற்சிப்பியையும் மண்பானையிலிட்டுத் தீயில் வாட்டி, புகைநெடி மிகுந்த தைலத்தை வடித்தெடுக்கும் தொழில் உண்டு. அதைச் 'சோயா' என்பர். மனிதன் நெருப்பை மூட்டிய நாள்தொட்டே புகையை முகர்ந்து வருகிறான். எந்தப் புகையை மணம் என்று கொள்வது, எதை நெடி என்று தள்ளுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு.

இனி நம் தேயிலைக்கு வருவோம். பீருமேட்டு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் பயிரிடப்பட்டது காப்பி. இலைத்துரு நோய் காப்பியை வீழ்த்திய பின் தேயிலை மலையேறிற்று. அதன் பின்னே கம்பம் பள்ளத்தாக்கு வழியாகவும் பிற வழிகளாகவும் தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் ஏலப்பாறையை நெருங்கும் எவரும் இருமருங்கும் படிந்து கிடக்கும் தேயிலைப் பசுமையைக் காண்பர். ஆனால் அந்தச் செடிகளின் நடுவே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தால் தேநீரின் மணம் வராது. பச்சைக் கொழுந்தில் புல்லின் வாசம்தான் இருக்கும். தேயிலையின் மணம் செடியில் இல்லை; அது ஆலையில் பிறக்கிறது.

பறித்த கொழுந்தைக் காற்றில் பரப்பி வாட்டுகின்றனர். வாடும்போதே இலைக்குள் மாறுதல் தொடங்கிவிடுகிறது. பின்னர் இலையை நசுக்கிச் சுருட்டுகின்றனர். இலையின் சாறு காற்றோடு கலந்து பச்சை நிறம் செம்பாகிறது. அப்பொழுது எழும் மணத்தைக் கொண்டே பதம் அறியும் முதியவர்கள் ஆலைகளில் உண்டு. இலையில் உள்ள மஞ்சள் நிறப் பொருள்கள் சிதைந்து பீட்டா அயனோன் என்னும் மணப்பொருள் உண்டாகிறது; வயலட் மலரின் வாசம் அதில் உண்டு. லினலூல், ஜெரானியால் என்னும் பொருள்கள் பூவின் மணத்தைத் தருகின்றன. இறுதியாக, சூடான காற்றைச் செலுத்தி இலையை உலர்த்துகின்றனர். அக்காற்றைச் சூடேற்றப் பல ஆலைகளில் விறகு எரிகிறது.

இங்கேதான் புகை வருகிறது. வரக்கூடாத இடத்தில் வருகிறது. விறகின் தீ இரும்புக் குழாய்களைச் சூடாக்க வேண்டும். அச்சூடு தூய காற்றுக்கு ஏற வேண்டும். புகை தனி வழியே போக்கிக்கு ஏகிவிட வேண்டும். குழாயில் விரிசல் கண்டால் புகை காற்றில் கலந்து இலையைப் பற்றிக்கொள்ளும். உலர்ந்த தேயிலை அண்டை வாசனை எதையும் எளிதில் ஏற்கும் இயல்புடையது. தேநீரைச் சுவைத்து மதிப்பிடுவோர் ஒரு மடக்கு உறிஞ்சியதுமே 'புகை' என்று குறித்து அதைக் கீழே இறக்கிவிடுவர். ஆக, நம் ஆலைகளில் புகை ஒரு குற்றம்; விலையைக் குறைக்கும் குற்றம்.

சீன நாட்டில் ஃபூஜியன் மாநிலத்து வூயி மலையில் தொங்மு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே இதே புகை குற்றமன்று, அதுவே குறிக்கோள். பைன் மர விறகை எரித்து, அப்புகை மேலேறிச் சூழும் மாடிகளில் இலையை வாட்டியும் உலர்த்தியும் தேயிலை செய்கின்றனர். மேலைநாட்டுக் கடைகளில் லாப்சாங் சூசொங் என்னும் பெயருடன் விற்பது இத்தகைய தேயிலையே. ஊரில் படை வந்து தங்கியதால் இலை உலர்த்தும் வேலை தடைப்பட்டது, பின்னர் அவசரமாகப் பைன் விறகில் உலர்த்தினர், அதுவே இத்தேயிலையின் தோற்றம் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அன்றோ, அது உணர்த்தும் கருத்து மெய்யானது. தவறிப் புகுந்த புகை ஒரு சுவையாக நிலைபெற்றுவிட்டது.

அச்சுவை மேலும் ஒரு படி ஏறி, உடலில் பூசும் நறுமணமாகவும் ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் ழான் குளோத் எல்லெனா என்னும் பிரெஞ்சு நறுமணக் கலைஞர் புல்காரி நிறுவனத்துக்காகப் பச்சைத் தேயிலையை நினைவூட்டும் மணநீர் ஒன்றை அமைத்தார். இதில் வியப்பு என்னவெனில், தேயிலையின் மணத்தைக் காட்டத் தேயிலைச் சாறு தேவைப்படவில்லை. முன்னே சொன்ன அயனோன் வகைப் பொருளையும், மல்லிகையின் மணத்திலிருந்து அறியப்பட்ட ஹெடியோன் என்னும் பொருளையும் இணைத்தே அவர் தேநீர்க் கோப்பையின் தோற்றத்தை மூக்குக்கு உண்டாக்கினார். 1998இல் வந்த புல்காரி பிளாக் என்னும் மணநீரில் புகைத் தேயிலையோடு இரப்பரின் வாடையும் சேர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் லார்ட்டிசான் பார்ஃப்யூமர் என்னும் பிரெஞ்சு நிறுவனம் டீ ஃபார் டூ என்னும் மணநீரை வெளியிட்டது. இதை அமைத்தவர் ஒலிவியா ஜியாகொபெத்தி என்னும் பெண்மணி. புகைத் தேயிலை, இலவங்கப்பட்டை, இஞ்சி, தேன், வெனிலா ஆகியவை இதில் ஒன்றுகூடுகின்றன. 'இருவருக்குத் தேநீர்' என்று பெயரே சொல்கிறது.

இத்தகைய மணநீர்கள் பல ஆணுக்கு என்றோ பெண்ணுக்கு என்றோ பிரிக்கப்படாமல் இருபாலார்க்கும் பொதுவாக விற்கப்பட்டன. 1994இல் சீ.கே. ஒன் என்னும் மணநீர் அவ்வாறு பொதுவாக விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. அதிலும் பச்சைத் தேயிலையின் சாயல் உண்டு. மேலைநாட்டுக் கடைக்காரர்களுக்கு இது புதுமையாகத் தோன்றியிருக்கலாம். நமக்கு அவ்வாறு இல்லை. திருமணப் பந்தலில் வரவேற்கும் சந்தனத்துக்கும் பன்னீருக்கும் ஆண்பால் பெண்பால் உண்டோ? சவ்வாதும் அத்தரும் இருபாலாரும் பூசியவையே. பூவை மகளிர்க்கும் புகையையும் தோலையும் ஆடவர்க்கும் பங்கிட்டது பெரும்பாலும் அண்மைக் காலத்து வணிகம். தேநீருக்கும் அப்பங்கீடு இல்லை. ஒரே கெண்டியிலிருந்து கணவனும் மனைவியும் குடிக்கின்றனர்.

சரி, இதைப் பூசிக்கொள்பவர் என்ன உணர்கிறார்? முதற்கண், மணநீர் ஒரே மணமாக நிற்பதில்லை. விரைந்து ஆவியாகும் பொருள்கள் முதலில் எழுகின்றன. நாரத்தை, எலுமிச்சை இனத்தின் கூர்மையான வாசம் சில நிமிடங்களில் மறைகிறது. அதன் பின் தேயிலையும் பட்டையும் இஞ்சியும் தெரிகின்றன. சில மணி நேரம் சென்றபின் தேனும் வெனிலாவும் போன்ற இனிமை அடியில் தங்குகிறது. புகை தரும் பொருள்கள் பிடிவாதம் உடையவை. ஆடையில் மறுநாளும் இருக்கும். வெயில் மிகுந்த சமவெளியில் இம்மாற்றங்கள் விரைவாக நடக்கின்றன. நம் மலையின் குளிரில் அவை மெல்ல நடக்கின்றன.

இரண்டாவதாக, பூசிக்கொண்டவருக்கே சிறிது நேரத்தில் அம்மணம் தெரியாமற் போகிறது. மூக்கு பழகிய வாசனையைப் புறக்கணிக்கும் இயல்புடையது. எதிரே நிற்பவர்க்கோ அது நன்கு தெரியும். தேயிலை ஆலையில் பணியாற்றுவோர்க்குத் தேயிலை மணக்காததும், சாலையில் செல்லும் பயணி அதை இழுத்து இழுத்து முகர்வதும் இதனால்தான்.

மூன்றாவது செய்தி மேலும் நுட்பமானது. மணத்தை ஏற்கும் அணுவாயில்களை ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் ஆகிய இருவரும் 1991இல் கண்டறிந்தனர். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை வாயில்கள் உள்ளன. அவை எல்லாரிடமும் ஒன்றுபோல் அமைவதில்லை. தேயிலையிலும் தேயிலை மணநீரிலும் உள்ள பீட்டா அயனோனைச் சிலர் மிக எளிதில் உணர்கின்றனர். சிலர் ஏறக்குறைய உணர்வதே இல்லை. ஒரே ஒரு மரபணுவின் வேறுபாடே இதற்குப் பெரிதும் காரணம் என்று 2013இல் ஆய்வாளர் காட்டினர். ஆகவே, ஒரே புட்டியிலிருந்து பூசிக்கொண்ட இருவர், ஒருவர் 'பூ மணக்கிறது' என்றும் மற்றவர் 'வெறும் புகை' என்றும் வழக்கிட்டால், இருவர் கூற்றும் உண்மையே.

பிறவியின் வேறுபாட்டோடு வாழ்க்கையின் வேறுபாடும் சேர்கிறது. விறகு எரியும்போது மரத்தின் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து குவையக்கால் முதலியவை உண்டாகின்றன. புகை மணத்தின் உயிர்நாடி இவைதாம். புகையூட்டிய மீனையும் இறைச்சியையும் உண்டு வளர்ந்த ஐரோப்பியர் ஒருவர்க்கு இம்மணம் உணவுக் கூடத்தை நினைவூட்டுகிறது. மற்றொருவர்க்குக் காட்டில் கூடாரமடித்துத் தீ மூட்டிய விடுமுறை நாள் தோன்றுகிறது. நம்மவர்க்கு வேள்விச் சாலையோ சாம்பிராணித் தூபமோ தோன்றலாம். இம்மலையில் பிறந்தவர்க்கோ லயத்து அடுப்படிதான் முதலில் தோன்றும்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். லயம் என்று நாம் அழைக்கும் வரிசை வீடுகளில் விறகுப் புகை சுவரில் படிந்தது, கூரையில் படிந்தது, கம்பளியிலும் கூந்தலிலும் படிந்தது. நகரத்துக்குப் படிக்கச் செல்லும் இளைஞர் தம் சட்டையை முகர்ந்து பார்த்து நாணுவதை இம்மலையில் அறியாதார் இல்லை. அதே வாசனையை நகரத்துச் செல்வர் விலைகொடுத்து மணிக்கட்டில் தடவிக்கொள்கிறார். வாசனை ஒன்றே என்றால், ஒருவர்க்கு நாணமும் மற்றவர்க்குப் பெருமையும் ஏன்?

விடை ஒரு சொல்லில் அடங்கும்: விருப்பம். மணநீர் பூசுபவர் புகையைத் தாமே தேர்ந்துகொள்கிறார், வேண்டாதபோது கழுவிவிடுகிறார். அடுப்படியில் நிற்பவர்க்கு அத்தேர்வு இல்லை. மேலும் இரண்டும் முற்றிலும் ஒரே புகையும் அல்ல. மணநீரில் புகைச் சாயல் தரப் பூர்ச்ச மரத் தாரும் கேடு என்னும் மரத்தின் தைலமும் பயன்படுகின்றன. அவற்றில் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் இருப்பதால், தூய்மை செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்று நறுமணத் தொழிலின் அனைத்துலக அமைப்பு விதி செய்திருக்கிறது. புட்டியில் உள்ளது வடித்துத் தூய்மை செய்த புகை. அடுப்பில் எழுவதற்கு அவ்விதக் காவல் ஏதும் இல்லை. வீட்டுக்குள் எழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்ட எரிவாயு இணைப்புகளை அளித்தது. எனினும் உருளையை மீண்டும் நிரப்பப் பணமில்லாத வீடுகளில் விறகடுப்பும் உடனெரிகிறது. புகையின் அழகைப் பேசும்போது இதை மறப்பது அறமன்று.

ஆயினும் புகையை வெறுத்து ஒதுக்குவதும் முழு உண்மை ஆகாது. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீருமேடு வட்டத்தில் தோட்டங்கள் பல மூடப்பட்டன. ஆலைகளின் அடுப்பு அணைந்தது. போக்கியில் புகை நின்றது. காற்றில் தேயிலை மணம் இல்லாமற் போயிற்று. அப்பொழுதுதான், பழகிப்போய் உணராதிருந்த அம்மணம் கூலியின் மணம், அரிசியின் மணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தின் மணம் என்பது பலர்க்கு விளங்கிற்று. பழகிய மணத்தை மூக்கு மறக்கிறது. அது நின்றுபோனால் மனம் நினைக்கிறது.

ஆகவே, புகைத் தேயிலையின் மணநீர் எவர் கையிலேனும் கிடைத்தால் முகர்ந்து பார்ப்போம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அது கிடைக்காவிடினும் குறைவில்லை. நாளைக் காலை தேநீரை வாய்க்குக் கொண்டுபோகுமுன் ஒரு கணம் மூக்கருகே நிறுத்துவோம். பூவும் தேனும் சிறிது புல்லும் அதில் தென்படும். நம் ஊர்ச் செடியிலிருந்து நம் மக்களின் கை வடித்த மணம் அது. அதை அறிந்து மதிக்கும் மூக்கு, அடுத்தவர் ஆடையில் ஏறிய அடுப்புப் புகையைக் கண்டு சுளிக்காது. அப்புகையை அவர்கள் மூச்சிலிருந்து நீக்க வழி என்ன என்றே எண்ணும்.