மிளகாய்ச் செடியின் இலை சுருளுவதேன்?

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மிளகாய்க் கன்றை நட்டு ஒரு மாதம் கழிந்ததும் நம்மிற் பலருக்கு ஒரு கவலை தொடங்குகிறது. நேற்று வரை செழித்து நின்ற செடியின் குருத்து சுருண்டு போகிறது. இல்லையேல் இலை மஞ்சளிக்கிறது. உடனே நாம் செய்வது என்ன? ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் ஒரு போத்தலைத் தருகிறார். அது பலிக்காவிட்டால் அடுத்த கிழமை வேறொரு போத்தல். அதுவும் பலிக்காவிட்டால் யூரியா ஒரு பிடி. இவ்வாறு கைப்பணம் கரைந்து முடியும்போது செடியும் முடிந்து விடுகிறது.

இலை சுருளுவதும் மஞ்சளிப்பதும் நோயல்ல. அவை நோயின் அறிகுறிகளே. காய்ச்சல் பல காரணங்களால் வருவது போல இவையும் பல காரணங்களால் வரும். பூச்சிக்குரிய மருந்து பசிக்கு உதவாது. பசிக்குரிய பசளை பூச்சியைக் கொல்லாது. ஆகையால் தெளிகருவியைத் தோளில் ஏற்றுமுன் செடியிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலாவது கேள்வி: வருத்தம் மூத்த இலையிலா, இளம் இலையிலா?

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. மண்ணில் இவை குறைந்தால், தாய் தன் உணவைப் பிள்ளைக்குக் கொடுப்பது போல, மூத்த இலை தன்னிடமுள்ளதைக் குருத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் வாடும். ஆகவே இவற்றின் குறைபாடு அடியிலைகளிலேயே முதலில் தோன்றும். அடியிலை முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளித்தால் நைதரசன் குறைவு. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் இந்த நிறத்தைப் பல வயல்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளித்தால் மகனீசியக் குறைவு. இலையின் விளிம்பு காய்ந்து கருகினால் பொற்றாசியக் குறைவாக இருக்கலாம். ஆனால் கடலோரத் தோட்டங்களில் உவர் நீர் இறைப்பதாலும் இதே கருகல் உண்டாகும். அங்கே பசளையை மேலும் மேலும் இடுவது புண்ணில் உப்பிடுவதாகும். முதலில் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள்.

இரும்பு, கல்சியம், போரன் என்பன இவ்வாறு எளிதில் இடம்பெயர மாட்டா. இவற்றின் குறைவு குருத்திலேயே தெரியும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புக் குறைவு.

இரண்டாவது கேள்வி: தோட்டத்தில் வருத்தம் எவ்வாறு பரவி நிற்கிறது?

பசளைக் குறைவு பெரும்பாலும் தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் தோன்றும். அல்லது மேட்டுப் பகுதி, மணற் பகுதி என்று மண்ணின் போக்கில் நிற்கும். பூச்சியும் நோயும் ஓரத்திலோ, அங்கொன்று இங்கொன்றான செடிகளிலோ தொடங்கிப் பின் பரவும். நல்ல செடியும் கெட்ட செடியும் ஒரே பாத்தியில் அருகருகே நின்றால் பசளையைக் குறை கூற அவசரப்பட வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: இலை எப்பக்கம் சுருள்கிறது?

இதனைத் தோணியை வைத்து நினைவிற் கொள்ளலாம். இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி மடிந்து நிமிர்ந்த தோணி போல இருந்தால் பனிப்பூச்சியின் வேலை. ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த தோணி போல இருந்து, இலை ஒடுங்கிக் காம்பும் நீண்டிருந்தால் சிற்றுண்ணியின் வேலை. இலை சிறுத்துச் சுருங்கி, நரம்பு தடித்து, மஞ்சள் படர்ந்து, செடி முழுவதும் குட்டையாகிப் புதர் போல நின்றால் அது வைரசு நோய். அதனை வெண் ஈ ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குக் கொண்டு செல்கிறது.

ஐயத்தைத் தீர்க்க ஒரு வெள்ளைக் கடதாசி போதும். காலையில் குருத்தின் கீழே கடதாசியைப் பிடித்து நான்கு முறை தட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் அளவான மெல்லிய மஞ்சள் நிறப் பூச்சிகள் ஊர்ந்தால் அவை பனிப்பூச்சிகள். சிற்றுண்ணி வெறுங் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் இளம் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். செடியை அசைத்ததும் வெண்ணிறச் சிறு ஈக்கள் பறந்தால் அவை வெண் ஈக்கள்.

இதை அறியாததால் நேர்ந்த நட்டம் ஒன்றைச் சொல்கிறேன். எனது பிரிவில் ஒரு கமக்காரர், சுருண்ட மிளகாய்க்கு மூன்று கிழமைக்குள் ஐந்து முறை பூச்சிநாசினி தெளித்தார். சுருளல் கூடியதேயன்றிக் குறையவில்லை. நான் சென்று பார்த்தபோது இலைகள் யாவும் கவிழ்ந்த தோணிகளாக இருந்தன. சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. அவர் தெளித்த மருந்து அதனைக் கொல்லவில்லை. அதனைத் தின்று வாழும் நன்மை செய்யும் உயிரினங்களையே கொன்றது. மனைவியின் காப்பை அடகு வைத்து அவர் வாங்கிய மருந்து அவருடைய பகைவனுக்கே துணை செய்தது.

நான்காவது கேள்வி: வேர் எப்படி இருக்கிறது?

இங்கே என்னுடைய தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பணியேற்ற புதிதில், மஞ்சளித்து நின்ற கத்தரித் தோட்டமொன்றைப் பார்த்து, வரம்பில் நின்றபடியே நைதரசன் குறைவென்று சொல்லி யூரியா இடச் செய்தேன். செடிகள் தேறவில்லை. நண்பகலில் வாடுவதும் மாலையில் நிமிர்வதுமாக இருந்தன. பின்னர் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் முழுவதும் மணிமணியான முடிச்சுகள்! வேர்முடிச்சு வட்டப்புழு வேரைக் கெடுத்திருந்ததால், இட்ட பசளையைச் செடியால் உண்ண முடியவில்லை. அன்று முதல் ஒரு செடியையாவது பிடுங்கிப் பார்க்காமல் நான் ஆலோசனை கூறுவதில்லை.

இனிப் பரிகாரத்தைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

பனிப்பூச்சி சிறிதளவே இருப்பின், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளியுங்கள். சிற்றுண்ணிக்கு நீரில் கரைத்துத் தெளிக்கும் கந்தகத் தூளைச் சிட்டையிற் கூறிய அளவில் பயன்படுத்தலாம். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். வைரசு பிடித்த செடிக்கு மருந்தே இல்லை. தயங்காது பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே எரித்து விடுங்கள். ஒரு செடிக்கு இரங்கினால் நூறு செடியை இழப்பீர்கள். அடுத்த போகத்தில் நாற்றுமேடையைப் பூச்சி புகாத வலையால் மூடி, தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளம் நட்டு, வெண் ஈயின் வரவைத் தடுங்கள். வட்டப்புழு கண்ட நிலத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டி என்பவற்றை மாறி மாறி நடாமல், இயலுமான இடத்தில் நெல் விதைத்து நீர் தேக்குங்கள். மேட்டு நிலமாயின் கோடையில் ஆழ உழுது மண்ணைக் காயவிட்டு, மாட்டெருவைத் தாராளமாக இடுங்கள்.

எந்த மருந்தாயினும், தெளித்த பின் எத்தனை நாட் கழித்துப் பறிக்கலாம் என்பது சிட்டையில் எழுதப்பட்டிருக்கும். அந்த நாட்களைக் காத்திருங்கள். அந்தக் காயை முதலில் உண்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளே.

அறிய முடியாத வருத்தமாயின், கிள்ளிய இலையோடு வராதீர்கள். வேரும் மண்ணுமாக ஒரு நோயுற்ற செடியையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல செடியையும் பையிலிட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டு வாருங்கள். என்ன பசளை இட்டீர்கள், என்ன மருந்து எப்போது தெளித்தீர்கள் என்பதையும் மறைக்காமற் சொல்லுங்கள்.

கமக்காரர்களே! மூத்த இலையா, இளம் இலையா? முழுத் தோட்டமா, சில செடிகளா? நிமிர்ந்த தோணியா, கவிழ்ந்த தோணியா? வேர் சுகமா? இந்நான்கையும் கேட்கக் கால் மணி நேரம் போதும். அக்கால் மணி நேரம் உங்கள் ஒரு போக உழைப்பைக் காக்கும்.